தகவல் சொன்னவர்: மனைவி

என் கணவர் குடிகாரர் என்று ஆஸ்பத்திரித் தாளில் எழுத வைத்தவள் நான். அவர் குடிகாரர் இல்லை. இந்த இரண்டையும் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது எளிது என்று நினைத்திருந்தேன். எளிதாக இல்லை.

அப்போது நாங்கள் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே வரிசையாக ஆறு கதவு, மாடியில் வீட்டுக்காரம்மா. என் கணவருக்கு ஒரகடத்தில் வேலை. காருக்கு சீட் செய்கிற கம்பெனியில் ஃபோம் வார்க்கும் பிரிவு. நான் பக்கத்திலேயே ஒரு வயரிங் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தேன், இன்னும் இருக்கிறேன். காருக்குள் ஓடுகிற ஒயர்க்கட்டு ஒவ்வொன்றாக என் மேசைக்கு வரும். தப்பு இருந்தால் சிவப்பு டேப் ஒட்டி ஓரமாக வைக்க வேண்டும். என் கண்ணுக்குத் தப்பு தப்பாது என்று சூப்பர்வைசர் வெளியாட்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒரே மகள், அப்போது ஆறாம் வகுப்பு.

என் அப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் நான் செய்தது புரியும். அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று யாராவது நினைத்தாலும் சரி. அப்பாவுக்கு ஊர் வாலாஜாபாத் பக்கம். நெல் விற்ற கையோடு கடைக்குப் போகிறவர், பிறகு நெல்லே இல்லாமலும் போனார். கடைசி இரண்டு வருஷம் வீட்டிலேயே குடித்தார். அம்மா அந்த பாட்டிலைத் தொடமாட்டாள். அதனால் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. ஒன்றுக்கு இரண்டு தண்ணீர். அளவு மாறினால் டம்ளர் பறக்கும். பிறகு அவர் கண் மஞ்சளானது, கால் வீங்கியது, வயிறு பானை மாதிரி ஆனது. எனக்குப் பத்தொன்பது வயதில் செத்துப்போனார். மஞ்சள் கண் என்றால் குடி. இதைத் தவிர வேறு பாடம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கல்யாணத்துக்கு முன்பே என் கணவரிடம் கேட்டேன். "அந்தப் பழக்கமே கெடயாது," என்றார். ஆனால் இரண்டு தடவை பார்த்தேன். ஒரு ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் பொரி கடலையோடு வந்தவர் வாயில் பீர் வாசனை. இன்னொரு தடவை கூட வேலை செய்கிறவர் கல்யாணத்தில். அந்த இரண்டு தடவையும் வாசலிலேயே வாந்தி எடுத்தார். பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு முறை. எனக்கு அந்த இரண்டே போதுமாக இருந்தது. அதன்பின் அவர் ஷிப்ட் முடிந்து அரை மணி லேட்டாக வந்தாலும் பையைத் துழாவுவேன். தூங்கும்போது முகத்தருகே குனிந்து மோந்து பார்ப்பேன். சட்டையில் எப்போதும் ஃபோம் கெமிக்கல் வாடை அடிக்கும். அதற்கு அடியில் வேறு வாடையை மறைக்கிறாரோ என்று தோன்றும். மகளிடமும் சொல்லி வைத்தேன். "அப்பா சிடுசிடுன்னு இருந்தார்னா கிட்ட போவாத. குடிச்சிருப்பாரு."

அந்த வருஷம் அவர் ரொம்பச் சோர்ந்துபோனார். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாயில் விழுவார்.

"இன்னாங்க ஆவுது உங்களுக்கு?" என்று கேட்டால், "எனக்கு இன்னா கீது? தொடர்ந்தாப்ல ஓ.டி. பாக்குறேன். தூக்கம் பத்தல, அவ்ளோதான்," என்பார்.

ஒரு காலை முகம் கழுவிக்கொண்டு திரும்பினார். ஜன்னல் வெளிச்சத்தில் கண் மஞ்சளாக இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பயத்தில் அல்ல, கோபத்தில். பிடித்துவிட்டேன் என்கிற கோபம். பத்து நாள் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தேன். கொடுக்கும்போதெல்லாம் குத்திக் குத்திப் பேசினேன். அவர் மோரைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். பதினோராம் நாள் கம்பெனியில் வேலை நடக்கும்போதே மயங்கி விழுந்தார். கம்பெனி ஆம்புலன்ஸில் ஸ்ரீபெரும்புதூருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அவரை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்த நேரம். சின்ன வயது டாக்டர் ஒருவர் அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"குடிப்பழக்கம் இருக்காம்மா?"

"இருக்கு சார்."

"எப்பவாவதா, தினமுமா?"

அந்த இடத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் சொல்லி இவர் கேட்கவில்லை, ஒரு டாக்டர் நாலு வார்த்தை உறைக்கிற மாதிரி சொன்னால் பயந்துவிடுவார். எப்போதாவது என்று சொன்னால் யார் திட்டப்போகிறார்கள்?

"தினமும் சார்," என்றேன். "கல்யாணம் ஆனதிலேர்ந்து."

டாக்டர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

நான் நினைத்த மாதிரியே திட்டு விழுந்தது. மறுநாள் ரவுண்ட்ஸுக்கு வந்த பெரிய டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "பொண்டாட்டி புள்ளைய நடுத்தெருவுல நிறுத்தறதுக்கா குடிக்கிறே?" என்று வார்டே கேட்கும்படி கத்தினார். என் கணவர் எழுந்து உட்கார முயன்றார்.

"சார், நான் குடிக்கிறதில்ல சார்."

"இங்க படுத்திருக்கிற எல்லாரும் இதையேதான்யா சொல்றாங்க."

என் கணவர் என் பக்கம் திரும்பினார். நான் சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருக்கிறார். நான் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள் திருப்தியாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

நாலாம் நாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஹெபடைடிஸ் பி. ஈரலைப் பிடிக்கிற கிருமி, குடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாம், இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது கிளம்பியிருக்கிறது என்றார்கள். எனக்கும் மகளுக்கும் சோதித்தார்கள். எங்களுக்கு இல்லை, தடுப்பூசி போட்டார்கள். அவருக்கு தினம் ஒரு மாத்திரை, வாழ்நாள் முழுக்க.

கத்திய டாக்டர் அதன்பிறகு அந்தக் கட்டிலைக் கடக்கும்போது வேகமாகக் கடந்தார். தாளில் எழுதியதை யாரும் அடிக்கவில்லை. அடிக்கச் சொல்ல வேண்டியவள் நான். இப்போது போய், நான் பொய் சொன்னேன் என்றால் அந்தச் சின்ன டாக்டர் என்ன நினைப்பார் என்று வெட்கமாக இருந்தது. நோய் என்னவென்றுதான் தெரிந்துவிட்டதே, இனி அது எதற்கு என்றும் நினைத்தேன்.

மாத்திரையை அவர் ஒருநாள் தவறவிட்டதில்லை. கண் வெளுத்தது, பசி எடுத்தது, வேலைக்குத் திரும்பினார். நாலைந்து வருஷம் அப்படியே ஓடியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பேரும் லீவு போட்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போவோம். அப்படிப் போன ஒரு நாளில்தான், புதிதாக வந்திருந்த ஒரு டாக்டர் எங்களை உட்காரச் சொல்லி ஒரு புது ஊசியைப் பற்றிப் பேசினார்.

ஒரு ஆய்வு நடக்கிறது என்றார். மாத்திரை கிருமியை அடக்கி வைக்கிறது, ஒழிப்பதில்லை. இந்த ஊசி, கிருமி தன்னைப் பெருக்கிக்கொள்வதற்கு அனுப்புகிற உத்தரவையே இடையில் அறுக்கிறது. ஆனால் முக்கியம் அது இல்லை, இந்த மருந்து உடம்பெல்லாம் சுற்றாது, நேராக ஈரலுக்குப் போகும் என்றார். என் கணவருக்குச் சட்டென்று ஆர்வம் வந்தது.

"கையில போடற ஊசி ஈரலுக்கு மட்டும் எப்டி சார் போவும்?"

"மருந்தோட ஒரு வகை சர்க்கரைய ஒட்டி அனுப்புறாங்க. அந்தச் சர்க்கரைய அடையாளம் கண்டு பிடிச்சு உள்ள இழுக்கிற கொக்கி ஈரல் செல்லுல நெறைய இருக்கு. வேற எங்கயும் அவ்வளவா இல்ல."

என் கணவர் தன் கழுத்தில் கிடந்த கம்பெனி அட்டையைத் தூக்கிக் காட்டினார். "இது மாதிரி சார். பஸ் ஸ்டாப்புல நூறு பேர் நிப்போம். ஆனா இந்தக் கார்டு எங்க கம்பெனி கேட்டுலதான் தொறக்கும். பக்கத்து கம்பெனில எத்தினி வாட்டி தேச்சாலும் தொறக்காது."

டாக்டர் சிரித்துவிட்டார். "நான் இனிமே எல்லாருக்கும் இதையே சொல்லிக்கறேன்."

எல்லாருக்கும் பலிக்கும் என்று உறுதி இல்லை, பாதியில் வேறு தொல்லை வந்தால் நிறுத்திவிடுவோம் என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. இவர் காதில் அதெல்லாம் ஏறியதாகத் தெரியவில்லை. அன்று திரும்புகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பூந்தமல்லியில் பக்கத்து சீட்டில் ஏறிய யாரோ ஒருவருக்கு ஈரலின் கேட்டையும் செக்யூரிட்டியையும் விளக்கினார். மகளிடம் நோட்டில் படம் போட்டுக் காட்டினார். அவள் அப்போது பத்தாம் வகுப்பு. அப்பாவிடம் ஒட்டாமல் வளர்ந்தவள், அன்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டாள்.

ரத்தம், ஈரலின் இறுக்கம் பார்க்கிற ஸ்கேன், இதயம் என்று மூன்று முறை போய்வந்தோம். எல்லாம் சரியாக இருந்தது. நாலாவது முறை ஊசியே போட்டுவிடலாம் என்றார்கள். கிளம்பும்போது இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார்.

ஆய்வுத் தாள்களைப் பார்த்துக்கொள்கிற பெண் ஒருத்தி, நல்ல மாதிரி, எப்போதும் "வாங்கண்ணா, வாங்கக்கா" என்பவள். அன்று எங்களைக் கண்டதும் எழுந்து நின்றாள். மேசையில் பழைய பழுப்பு ஃபைல் ஒன்று கிடந்தது.

"அண்ணா, ரெக்கார்டு ரூம்லேர்ந்து உங்க பழைய கேஸ் ஷீட்டு எடுத்தோம். எடுத்தாகணும்ங்கிறது ரூல். இதுல தினமும் ஆல்கஹால்னு போட்டிருக்கு. பல வருஷமான்னு. அப்டி இருந்தவங்கள இந்த ஆய்வுல எடுக்கறதில்ல."

"அது அப்பவே தப்பா எழுதிட்டாங்கம்மா. நான் சொன்னேன், அந்த டாக்டரு கேக்கல."

"நீங்க சொன்னதா இல்லண்ணா."

அவள் தாளைத் திருப்பி வைத்தாள். என் கணவர் பத்தாவது வரை படித்தவர். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். விரலை வைத்து வாசித்தார். "இன்..ஃபார்..மன்ட்." நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"தகவல் சொன்னவர்," என்றாள் அவள் மெதுவாக.

அடுத்த சொல் அவருக்குத் தெரிந்த சொல். ஒய்ஃப். அதை வாசிக்கவில்லை. விரல் மட்டும் அங்கேயே நின்றது.

"நான் பொய் சொன்னேன் மேடம்," என்றேன். "அவர் குடிக்க மாட்டாரு. ரெண்டே ரெண்டு வாட்டி, அதுவும் எந்தக் காலத்துலயோ. டாக்டர் இவர மிரட்டணும்னு நான்தான் அப்டி சொன்னேன். எங்க வேணா வந்து சொல்றேன். எழுதிக் கையெழுத்து போட்டுத் தரேன்."

அவள் முகத்தில் இரக்கம்தான் இருந்தது. "அக்கா, ஆய்வுல சேக்குறதுக்காக இப்ப மாத்திச் சொல்றீங்கன்னுதான் எடுத்துப்பாங்க. அப்ப சொன்னதுதான் செல்லும். அப்ப உங்களுக்கு எந்த லாபமும் இல்ல பாருங்க."

பொய்யை ஒரு நிமிஷத்தில் எழுதிக்கொண்டார்கள். உண்மையை எழுத ஒரு தாள் கிடைக்கவில்லை. டாக்டர் எங்களுக்காக மேலே எழுதிப் பார்த்தார். இரண்டு வாரம் கழித்து ஃபோன் வந்தது. முடியாது என்று பதில் வந்துவிட்டதாம்.

அந்த ஃபைலைப் பார்த்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். செம்பரம்பாக்கம் தாண்டுகிற வரை வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எதுக்கு சொன்ன?" என்றார் கடைசியில்.

"டாக்டர் சொன்னா பயப்படுவீங்கன்னு."

"பயந்துட்டேன்," என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால், கை ஓங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த மாதம் ஷிப்ட் மாற்றிக்கொண்டார். நான் காலை ஷிப்ட், அவர் மதிய ஷிப்ட். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. புருஷன் ஒரு பஸ்ஸில் இறங்க, பெண்டாட்டி இன்னொரு பஸ்ஸில் ஏற, குழந்தைகள் வளர்ந்துவிடும். ஆனால் மற்றவர்கள் வழியில்லாமல் அப்படி இருந்தார்கள். இவர் கேட்டு வாங்கினார். நான் வரும்போது தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும், மாத்திரை அட்டையில் அன்றைய குழி காலியாக இருக்கும். அதை வைத்துத்தான் ஆள் சாப்பிட்டார் என்று தெரிந்துகொள்வேன்.

மகளுக்கு நடந்தது தெரியவந்தது. நான்தான் சொன்னேன். "எனக்கும் நீதானம்மா சொன்ன," என்றாள். "அப்பா கிட்ட வந்தா நான் எழுந்து போயிடுவேன். எத்தினி வருஷம் அப்டி எழுந்து போயிருப்பேன்!" அதற்குப்பின் அவள் அப்பாவோடு பேச முயன்றாள். பழகாத வாய். "சாப்டீங்களாப்பா", "ம்", அதற்குமேல் ஓடவில்லை. காஞ்சிபுரத்தில் கல்லூரி கிடைத்ததும் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்தேன். அவர் வெளியே போய்வந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை மேடையில் வைத்தார். மூடி திறக்கவில்லை. பக்கத்தில் டம்ளர் ஒன்றையும் வைத்தார்.

"இதெல்லாம் எப்டி கலக்கறதுன்னு எனக்குத் தெரியல," என்றார். "உனக்குத்தான் தெரியும். உங்கப்பனுக்கு ஊத்திக் குடுத்தவ நீதான?"

அப்பாவைப் பற்றி நான் அவருக்குச் சொன்னது கல்யாணமான புதிதில், அழுதுகொண்டே சொன்னது. அதை எடுத்து இப்படிப் போடுவார் என்று நினைக்கவில்லை. நான் அந்த பாட்டிலைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். காலில் விழுந்திருக்க வேண்டும். அவர் ஈரலுக்கு ஒரு சொட்டுகூட ஆகாது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? எனக்கு வந்தது கோபம்.

"ஒண்ணுக்கு ரெண்டு தண்ணி," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றாரே, அப்போதுகூட அப்படிப் பார்க்கவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய், வாசல் சாக்கடையில் முழுக்கக் கவிழ்த்துவிட்டு வந்தார். அந்த வாடை கொஞ்ச நேரம் வீட்டுக்குள்ளேயும் அடித்தது. டாக்டரிடம் சொன்னதை என்றாவது மன்னித்துவிட முடியும் என்றாலும், அந்த மூன்று சொல்லை முடியாது. அது மிரட்டுவதற்காகச் சொன்னது இல்லை.

துணி உலர்த்திக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து பார்த்திருக்கிறாள். மறுநாள் தண்ணீர் பிடிக்கும்போது பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு பட்டப்பகல்ல பாட்லும் கையுமா நிக்கிறாரு? குடும்பம் இருக்கற எடம் இது."

"கீழ ஊத்திட்டாருக்கா. குடிக்கல. அவருக்கு அந்தப் பழக்கமே இல்ல."

"குடிக்காதவன் எதுக்குமா வாங்கினான்?" என்று சிரித்தாள். "விடு, எங்கூட்டுக்காரரும் அப்டி இருந்தவருதான். புருஷனை வுட்டுக்குடுக்கக் கூடாது, கரெக்ட்டு."

அந்த லைனில் அதன்பின் அவருக்குக் குடிகாரர் என்கிற பெயர் நிலைத்தது. மற்ற ஐந்து கதவிலும் போய் அவர் குடிப்பதில்லை என்று சொன்னேன். பாவம், நல்ல பொம்பள என்று எனக்குப் பெயர் வந்தது.

ஒரு வருஷம் கழித்து, வழக்கமான ஸ்கேனில் ஈரலில் ஒரு கட்டி தெரிந்தது. ஆய்வைப் பற்றிச் சொன்ன அதே டாக்டர்தான் பார்த்தார். வெட்டி எடுக்க முடியாத இடம். ஆனால் மருந்தைக் கட்டிக்கே கொண்டுபோய் விடலாம் என்றார். ஈரலுக்கு இரண்டு வழியில் ரத்தம் வருகிறதாம். நல்ல ஈரல் பெரும்பாலும் ஒரு வழியில் சாப்பிடுகிறது, கட்டி இன்னொரு வழியில். தொடையில் சின்ன ஓட்டை போட்டு, நூல் மாதிரி ஒரு குழாயை ரத்தக்குழாய்க்குள்ளேயே மேலே ஏற்றி, கட்டி சாப்பிடுகிற கிளைக்குள் புற்றுநோய் மருந்தை விட்டு, பிறகு அந்தக் கிளையை அடைத்துவிடுவார்கள். மருந்தும் அங்கேயே தங்கும், கட்டிக்குச் சாப்பாடும் நிற்கும்.

முன்பு அட்டையைத் தூக்கிக் காட்டிக் கேள்வி கேட்டவர், இந்தமுறை ஒன்றும் கேட்கவில்லை. "எப்ப வரணும் சார்?" என்றார்.

வார்டில் சேர்க்கும்போது ஒரு நர்ஸ் படிவம் நிரப்பினாள். நான் சொல்வதற்கு முன்பே பழைய தாளைப் பார்த்து ஒரு கட்டத்தில் டிக் போட்டாள். "சிஸ்டர், அது தப்பு," என்றேன். "கம்ப்யூட்டர்ல அப்டிதான்மா வருது," என்றாள். என் கணவர் என் கையை லேசாகத் தொட்டு, "விடு," என்றார். நிறைய மாதம் கழித்து அவர் என்னைத் தொட்டது அதுதான்.

குழாய் ஏற்றியபோது அவருக்கு நினைவு இருந்தது. திரையில் தன் ஈரலின் ரத்தக்குழாய்கள் இலை உதிர்ந்த மரம் மாதிரி தெரிந்ததாகப் பிறகு சொன்னார். அதன்பின் நாலு நாள் காய்ச்சல், வலப்பக்க வலி, தண்ணீர் குடித்தாலும் வாந்தி. மருந்து வேலை செய்தால் இப்படித்தான் இருக்கும் என்றார்கள். நான் லீவு போட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். துடைத்தேன், மாற்றினேன், பிடித்துக்கொண்டேன். அவர் என்னைத் தடுக்கவில்லை. தடுக்கத் தெம்பு இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் கண்ணை மூடியபடியே கேட்டார். "அந்த ஊசி போட்டிருந்தா இது வந்திருக்காதா?"

நான் வராந்தாவில் டாக்டரைப் பிடித்து அதையே கேட்டேன். அவர் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "தெரியாதும்மா. அந்த ஊசியோட பலன் இன்னும் முழுசாத் தெரியல. கட்டி அதுக்கு முன்னாடியே விதை போட்டிருக்கலாம். வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம்." மனசாட்சியுள்ள மனிதர். உங்களால் இல்லை என்றும் சொல்லவில்லை, உங்களால்தான் என்றும் சொல்லவில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம்.

உள்ளே வந்து, "தெரியாதாம்," என்றேன். அவர் தலையை அசைத்தார்.

கட்டி சுருங்கியது. எட்டு மாதத்தில் பக்கத்தில் இன்னொன்று. மறுபடியும் குழாய், மறுபடியும் வாந்தி. ஃபோம் வேலையை விட்டுவிட்டார். இப்போது ஒரகடத்தில் ஒரு கிடங்கு வாசலில் செக்யூரிட்டி. உட்கார்ந்து பார்க்கிற வேலை. பழைய லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு வாலாஜாபாத் ரோட்டில் ஒரு வீட்டில் இருக்கிறோம். இங்கே யாருக்கும் எங்கள் பழைய கதை தெரியாது. எதிர் வீட்டில் கேட்டார்கள், "ஈரலாமே, குடியா?" என்று. இல்லை என்றேன். அவர்கள் தலையாட்டிய விதத்திலேயே தெரிந்துவிட்டது.

சண்டை போடுவதில்லை. நான் உப்புக் குறைத்துச் சமைக்கிறேன், அவர் சாப்பிடுகிறார். டிவியில் செய்தி ஓடும்போது இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறோம். மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

போன மாதம் ஒரு காலை, ஆய்வுத் தாள் பார்த்துக்கொள்கிற அந்தப் பெண்ணிடமிருந்து எனக்கு ஃபோன் வந்தது. என் நம்பரை வைத்திருந்திருக்கிறாள்.

"அக்கா, அண்ணா எப்டி இருக்காங்க? அதே மாதிரி ஈரலுக்கு மட்டும் போற மருந்துதான், புதுசா ஒரு ஆய்வு ஆரம்பிக்குது. இதுல பழைய குடிப்பழக்கத்தப் பத்திக் கேக்கல. உங்க ஞாபகம் வந்துச்சு."

நான் கட்டியைப் பற்றிச் சொன்னேன்.

"கட்டி வந்தவங்கள இதுல எடுக்க மாட்டாங்கக்கா," என்றாள். "மன்னிச்சுக்கங்க, எனக்குத் தெரியாது."

"பரவால்லம்மா. ஞாபகம் வச்சுக் கூப்ட்டியே," என்று வைத்தேன்.

அவர் யூனிபாரம் சட்டைக்கு பட்டன் போட்டுக்கொண்டிருந்தார். "யாரு?" என்றார்.

ராங் நம்பர் என்று சொல்ல ஒரு வினாடி போதும். இனி இவரைப் பற்றியோ இவரிடமோ ஒரு பொய்யும் சொல்வதில்லை என்று நான் முடிவெடுத்து வைத்திருக்கிறேன். எல்லாம் சொன்னேன். புது ஆய்வு, குடியைப் பற்றிக் கேட்காதது, கட்டி வந்தவர்களைச் சேர்க்காதது, எல்லாம்.

அவர் கடைசி பட்டனைப் போட்டு முடித்தார்.

"இத சொல்லாமலே இருந்திருக்கலாம் இல்ல?" என்றார்.

கோபமில்லை குரலில். நிஜமாகவே கேட்டார். பிறகு தொப்பியையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். எனக்கு அன்று லீவு. துவைக்கப் போட்டிருந்த துணியை நனைத்தேன்.